எனக்கு ஒரு வியாதியும் இல்லை

பிப்ரவரி 2

அன்புள்ள மகாராணிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் நமக்குள் சண்டை வருகிறது, நான் பேசி முடிப்பதற்குள் நீ வைத்துவிடுகிறாய். அதனால் நீ சொன்னபடியே இனிமேல் கடிதம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதில் எனக்கும் கொஞ்சம் நிம்மதிதான்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். பெயிண்ட் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு என்னையே பொறுப்பாளராகப் போட்டுவிட்டார்கள். கூடவே குடும்பக் குடியிருப்பும் கிடைத்துவிட்டது. இரண்டு படுக்கையறை, சமையலறையில் நல்ல வெளிச்சம், பால்கனியில் நின்றால் ஆலையின் புகைபோக்கி தெரியும். மூன்று வருஷமாக ஒற்றைக் கட்டிலும் ஒரு ஸ்டவ்வுமாக ஓட்டியது போதும். பாப்பாவின் பரீட்சை முடிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடலாம். ஏப்ரல் கடைசியில் ஆலையின் ஆண்டு விழா. எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள். நீ வந்தால் உன்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தியது போலவும் ஆகும்.

அதற்குள் ஒரு சின்ன வேண்டுகோள். கோபப்படாமல் படி. தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதில் எடை பார்க்கும் கருவி ஒன்று இருக்கும். நீல நிறத்தில் ஓர் உடையும் இருக்கும். இப்போது உனக்கு அது இறுக்கமாக இருக்கலாம், சொல்லப்போனால் உள்ளே நுழையவே நுழையாது. ஏப்ரலுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காகவே அந்த அளவில் வாங்கினேன். நான் தினமும் காலையில் ஓடுகிறேன். ராத்திரியில் சூப் மட்டும். தொப்பை இருந்த இடம் தெரியவில்லை. என்னால் முடிந்தது உன்னால் முடியாதா? எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.

பாப்பாவுக்கு என் முத்தங்கள்.

உன் அன்புள்ள,
பாப்பாவின் அப்பா


பிப்ரவரி 12

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் பார்சலும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பதவி உயர்வில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். பாப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு மின்சாரக்காரர் நீங்கள் ஆலைக்கே முதலாளி ஆகிவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை.

எடைக் கருவி நன்றாக வேலை செய்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை நாலரை கிலோ. பாப்பாவின் புத்தகப் பை ஏழு கிலோ, பள்ளிக்கூடத்தில் போய் ஒரு சண்டை போடலாம் என்று இருக்கிறேன். நான் ஏறவில்லை. பயந்துகொண்டு இல்லை. குனிந்து செருப்பு மாட்டும்போதே எனக்குத் தெரிகிற விஷயத்தை அந்தக் கருவி ஓர் எண்ணாகச் சொல்லும், அதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

நீல உடை ரொம்ப அழகு. நான் நீச்சல் கற்றுத் தரும் குளத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. நீங்கள் அவளைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் அவளுக்காகத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

குளத்தில் நிலைமை எப்படி என்று நீங்கள் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பெண்கள் நேரத்துக்கு இப்போது நல்ல கூட்டம். போன வாரம் ஒரு வங்கி அதிகாரி வந்தார். துண்டைச் சுற்றிக்கொண்டு சுவர் ஓரமாகவே நின்றார், இறங்கவே இல்லை. நான் மேடையிலிருந்து தொப்பென்று குதித்தேன். தண்ணீர் எகிறிப் போய் அவரை முழுசாக நனைத்துவிட்டது. "இனிமே நனையறதுக்கு என்ன பாக்கி இருக்கு, வாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். பிறகு உடை மாற்றும் அறையில் என்னிடம் சொன்னார், "டீச்சர் ஒல்லியா இருந்திருந்தா நான் அப்படியே வீட்டுக்குப் போயிருப்பேன்." அன்றைக்கு முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

ஆகவே உங்கள் வேண்டுகோளுக்குப் பதில்: நான் இளைக்கப் போவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை, வீம்புக்கும் சொல்லவில்லை. நிறைய வருஷத்துக்குப் பிறகு என் உடம்பும் நானும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருக்கிறோம். அதைக் கலைக்க எனக்கு மனசில்லை.

சூப் மட்டும் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உங்களுக்கு ராத்திரி பசித்தால் தூக்கம் வராது, எனக்குத் தெரியும்.

உங்கள் அன்பு மனைவி


பிப்ரவரி 24

அன்புள்ள மகாராணிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் வருத்தமும் பட்டேன். ஒரு மனுஷன் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய உடையை இப்படித் தூக்கிக் கொடுத்துவிட்டாயே. போகட்டும்.

இப்போது அவசரமான ஒரு விஷயம். எங்கள் மேலாளரின் மனைவி அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வருகிறார். அவருடைய தம்பி வீட்டில் ஏதோ விசேஷம். "உங்க வீட்டுக்கும் ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரேன்" என்கிறார். நான் எவ்வளவோ தட்டிக் கழித்துப் பார்த்தேன், கேட்கவில்லை. தங்கமான மனுஷி. ஆனால் அவர் சொன்னால் மேலாளர் மறு பேச்சுப் பேசமாட்டார், அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

வந்தால் நல்லபடியாக உபசரி. வெகு நேரம் பேச்சை வளர்க்காதே. உடம்பைப் பற்றிக் கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடு. குளம், நீச்சல் அது இதெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உன்,
பாப்பாவின் அப்பா


மார்ச் 9

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் மேலாளரின் மனைவி வந்துவிட்டுப் போனார். காரணத்தை நீங்கள் எழுதத் தேவையில்லை, அவரே சொல்லிவிட்டார்.

நான் அப்போதுதான் குளத்திலிருந்து வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தேன். தலையெல்லாம் ஈரம், கையில் ஈரப் பை. வாசலில் கார் வந்து நின்றது. கூடை நிறைய ஆப்பிள், சர்க்கரை போடாத பிஸ்கட். இறங்கி வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு நொடிதான். அப்புறம் முகத்தை அப்படியே இளக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"இந்த உடம்போட தண்ணியில இறங்கலாமா நீங்க?"

"தண்ணியிலதாங்க எனக்கு வேலையே."

"ஓ, டாக்டர் சொல்லியிருக்காரா? நீச்சல் நல்லதுதான், வீக்கம் வடியும்."

எந்த வீக்கம் என்று எனக்குப் புரியவில்லை. உள்ளே உட்காரவைத்தேன். காபி போட்டுக் கொடுத்தேன். எனக்கும் ஒரு காபி, ரெண்டு பிஸ்கட். நான் பிஸ்கட்டை எடுத்ததும் அவர், "உங்களுக்கு அந்த ஊசிய இன்னும் போடறாங்களா?" என்று கேட்டார். "சார் எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்காரு. ஒரு மருந்து ஒத்துக்காம போய் இப்படி ஊதிப் போச்சுன்னு. பாவம், எவ்வளவு அழகா இருந்திருக்கீங்க, அவரு மேஜைமேல போட்டோ பாத்தேன்."

அந்தப் போட்டோ எது என்று எனக்குத் தெரியும். பாப்பா பிறப்பதற்கு முன்னால் எடுத்தது.

"நான் நல்லா இருக்கேங்க" என்றேன்.

"அப்படித்தான் தைரியமா இருக்கணும்."

"நிஜமாவே நல்லா இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

நான் சொல்லச் சொல்ல அந்த அம்மாவுக்குக் கண் கலங்குகிறது. நல்லா இருக்கேன் என்று ஒரு குண்டுப் பெண் சொன்னால் அதை நம்புவதற்கு உலகத்தில் ஆள் இல்லை போல. அதற்கு மேல் பேசினால் உங்களைப் பொய்யர் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருக்கும். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தில் உங்களைக் கொஞ்சம் திட்டிவிட்டு விட்டிருப்பேன். பாப்பா உள் அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் நான் குளத்திலிருந்து வந்து பார்த்தால் வீடு திருடன் புகுந்த வீடு மாதிரி கிடக்கிறது. அலமாரி, என் கைப்பை, பரண்மேல் இருக்கிற டப்பாக்கள், எல்லாம் வெளியே. நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், அழுது முகமெல்லாம் வீங்கி.

"மாத்திரையெல்லாம் எங்கம்மா ஒளிச்சு வெச்சிருக்க?"

"என்ன மாத்திரைடி?"

"நீ செத்துப் போயிடுவியா?"

நான் அவளைக் கட்டிக்கொண்டு இல்லவே இல்லை என்றேன். அவள் என்னைத் தள்ளிவிட்டுக் கேட்டாள், "அப்பா வியாதின்னு சொல்லியிருக்காரு. நீ இல்லங்கற. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க. யாரு?"

உங்களைக் காட்டிக்கொடுக்காமல் அந்தக் குழந்தையின் பயத்தைத் தீர்க்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. "நான் சொல்லல" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவளே எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் அடுக்கினாள். உங்களைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு என்ன வியாதி என்று எழுதுங்கள். எத்தனை நாளாக இருக்கிறது, என்ன ஊசி போடுகிறார்கள், பிழைப்பேனா மாட்டேனா. என் வியாதியைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரிய வேண்டாமா?

இப்படிக்கு,
நோயாளி


மார்ச் 18

என் அன்புள்ள மகாராணிக்கு,

என்னை மன்னித்துவிடு. பாப்பா அலமாரியைக் கலைத்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

திட்டம் போட்டுச் சொல்லவில்லை. நான் இங்கே வந்த முதல் நாள் நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. கூட்ட அறைக்குள் நுழைந்தேன். மேலாளர் என் தொப்பையைப் பார்த்துவிட்டு ஆபீஸ் உதவியாளரிடம், "சாருக்கு ரெண்டு நாற்காலியா போடுப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ஓட ஆரம்பித்தவன்தான். இளைத்த பிறகு அதே மேலாளர் என் தோளில் கைபோட்டு நடக்கிறார். சீக்கிரம் வீட்டுக்குப் போ என்கிறார், ஆலோசனை கேட்கிறார். ஒரே ஆள்தானே நான், இதில் என்ன மாறிவிட்டது என்று யோசித்திருக்கிறேன். யோசித்துவிட்டு மறுநாள் காலையில் மறுபடி ஓடியிருக்கிறேன்.

போன வருஷம் பாப்பாவின் பிறந்த நாளுக்கு நீ அனுப்பிய படத்தை என் கைபேசியில் ஒருத்தன் பார்த்துவிட்டான். "இது யாரு சார், உங்க அக்காவா?" என்றான். என் மனைவி என்றேன். அவன் முகம் போன போக்கு எனக்குத் தாங்கவில்லை. "ஒரு மருந்து சாப்பிட்டு இப்படி ஆயிட்டா" என்று வாயில் வந்துவிட்டது. உடனே அவன் முகம் மாறிவிட்டது. சாயங்காலத்துக்குள் ஆலை முழுக்கப் பரவிவிட்டது. எல்லோரும் அவ்வளவு அன்பாக விசாரிக்கிறார்கள், அப்புறம் எப்படி இல்லை என்று சொல்வது? ஊசி என்று நான் சொல்லவே இல்லை. அது அவர்களாகச் சேர்த்துக்கொண்டது.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆண்டு விழாவுக்கு வா. நீ எதுவும் பொய் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால் பேசாமல் சிரி, போதும். நான் பார்த்துக்கொள்கிறேன். சிகிச்சை முடிந்துவிட்டது, இனிமேல் உடம்பு இப்படியேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டால் கதை தானாக முடிந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

உன்,
பாப்பாவின் அப்பா


மார்ச் 27

பாப்பா அப்பாவுக்கு,

யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்த் துணி துவைத்தேன். துவைத்து முடித்தும் கோபம் தீரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ரெண்டு நாற்காலி என்று சொன்னானே அந்த ஆள், அவன் பேச்சு எனக்கு வலிக்கிறது. அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து அவனைத் திட்டியிருப்பேன். நீங்களோ அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டிருக்கிறீர்கள்.

கல்யாணமான புதிதில் நீங்கள் என்னைக் குண்டு என்று கூப்பிடுவீர்கள், ஞாபகமிருக்கிறதா? அப்போது நான் அவ்வளவு குண்டுகூட இல்லை. எனக்கு அது பிடிக்கும். ஒரு நாள் அப்படிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு மகாராணி என்று ஆரம்பித்தீர்கள். நிஜமாகவே குண்டானதும் அந்தச் சொல் உங்கள் வாயில் வரவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பதில் பட்டினி கிடந்தேன். காலையில் வெந்நீர், மத்தியானம் வெள்ளரிக்காய், சாயங்காலம் தலைசுற்றல். உங்கள் அண்ணி வீட்டுக்குப் போனால் ஒரு கவளம் எடுத்துவைத்துக்கொண்டு "எனக்குப் பசியே இல்ல" என்று சிரிப்பேன். வீட்டுக்கு வந்து பாப்பா மிச்சம் வைத்ததைச் சமையலறையில் நின்றுகொண்டே தின்பேன். திருட்டுத் தின்னி மாதிரி. அதற்காக அழுவேன், மறுநாள் மறுபடி வெந்நீர். நான் இளைத்தேன், பெருத்தேன், இளைத்தேன், பெருத்தேன். இதையெல்லாம் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் அந்த ஊருக்குப் போன பிறகு என் தட்டைப் பார்ப்பதற்கு வீட்டில் ஆள் இல்லை. முதல் வாரம் எனக்குச் சாப்பிடவே தெரியவில்லை. பசித்தால் சாப்பிடலாம், வயிறு நிறைந்தால் எழுந்துவிடலாம் என்பது இந்த வயதில் நான் கற்றுக்கொண்டது. அப்புறம் பாப்பாவுடன் குளத்துக்குப் போனேன். சின்ன வயதில் பழகிய நீச்சல் மறந்திருக்கவில்லை. தண்ணீரில் மல்லாந்து படுத்தேன். என்னை யாரும் தூக்கவில்லை, நானும் எதையும் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. காது தண்ணீருக்குள், கூரையில் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. இந்த உடம்புக்கு என்ன குறை என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அங்கேதான். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

முட்டி வலிக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஒத்துக்கொள்கிறேன். குளத்து வேலைக்காக வருஷா வருஷம் டாக்டரிடம் போகிறேன். அவரும் ஏதாவது சொல்வார், நானும் கேட்டுக்கொள்வேன். நாளைக்கே எனக்கு ஏதாவது வந்தாலும் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது எனக்கு வந்த வியாதியாக இருக்க வேண்டும். நீங்கள் வரவழைத்ததாக இருக்கக் கூடாது.

குண்டுப் பெண்டாட்டி என்றால் வெட்கம், வியாதிக்காரப் பெண்டாட்டி என்றால் அனுதாபம். நீங்கள் யோசித்துப் பார்த்து என்னை வியாதிக்காரியாக்கிவிட்டீர்கள். பேசாமல் சிரி என்கிறீர்கள். எத்தனையோ வருஷம் பசியோடு சிரித்தாயிற்று. இனிமேல் முடியாது.

ஆண்டு விழாவுக்கு நான் வரமாட்டேன். முதலில் நீங்கள் அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். என் மனைவிக்கு ஒன்றுமில்லை, அவள் அப்படித்தான், நான்தான் பொய் சொன்னேன் என்று. அதைச் சொல்லிவிட்டு எழுதினால் அன்றைக்கே பெட்டி கட்டுகிறேன்.

பாப்பாவின் அம்மா


மே 3

அன்புள்ள மகாராணிக்கு,

ஆண்டு விழா முடிந்தது. சொல்லலாம் என்றுதான் போனேன். விளக்கு, பாட்டு, வரிசையாகக் குடும்பங்கள். எல்லோரும் என்னிடம் வந்து, "அவங்களால வர முடியலையா?" என்றார்கள். "பயணம் ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டேன். என்னால் முடியவில்லை. திட்டு.

உனக்கு இங்கே ஆலையிலிருந்து ஏதாவது தபால் வந்தால் கோபப்படாதே. அவர்கள் அன்பில் செய்கிறார்கள்.

உன்,
பாப்பாவின் அப்பா


மே 14

பாப்பா அப்பாவுக்கு,

தபால் வந்தது. பெரிய அட்டை. முன்னால் ரோஜாப் பூக்கள், "விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம்" என்று தங்க எழுத்து. உள்ளே ஆலை முழுக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஒரு சின்னக் குழந்தை ஊசியும் கட்டிலும் படம் வரைந்திருக்கிறது. கட்டிலில் இருக்கும் ஆள் நான்தான், வட்டமாகப் போட்டு இரண்டு கண் வைத்திருக்கிறது. மூலையில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. உங்களால் அதைக்கூடப் போடாமல் இருக்க முடியவில்லை.

பாப்பா வாங்கிப் பார்த்தாள். "இத எங்க வெக்கறதும்மா?" என்றாள். இப்போதெல்லாம் அவளும் தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். பசிக்கவில்லை என்கிறாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது என் குரல். அன்றைக்கு முடிவு செய்தேன், இனிமேல் பொறுப்பதில்லை.

அட்டைக்கு நான் பதில் எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு தனித் தாளில் இருக்கிறது. உறையை ஒட்டவில்லை, நீங்கள் படித்துவிடுங்கள். அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

"எல்லோருக்கும் வணக்கம். உங்கள் அட்டை கிடைத்தது. முன்பின் பார்த்திராத ஒருத்திக்காக இத்தனை பேர் நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் எனக்கு ஒரு வியாதியும் இல்லை. எந்த மருந்தாலும் நான் இப்படி ஆகவில்லை. ஊசி எதுவும் போடவில்லை. நான் குண்டாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், நீந்துகிறேன், பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் நீச்சல் கற்றுத் தருகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். இதிலிருந்து நான் குணமாக வேண்டியதில்லை. உங்கள் வேண்டுதலை உண்மையிலேயே படுக்கையில் இருக்கும் யாருக்காவது மாற்றிவிடுங்கள். படம் வரைந்த குழந்தைக்கு என் முத்தம். எனக்கு இன்னும் பெரிய சிரிப்பாகப் போட்டிருக்கலாம் என்று சொல்லுங்கள்."

அட்டையின் உறைமேல் ஆலையின் முகவரி இருக்கிறது. நேராக அனுப்ப எனக்குத் தெரியாமல் இல்லை. அனுப்பமாட்டேன். அங்கே பொய்யைக் கொண்டுபோய் வைத்தவர் நீங்கள், நீங்கள்தான் எடுக்க வேண்டும். கேன்டீன் வாசலில் அறிவிப்புப் பலகை இருக்கிறது என்று முன்பு போனில் சொல்லியிருக்கிறீர்கள். ஒட்டுவதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டம். கிழித்துவிட்டால் எனக்கு எழுத வேண்டாம். பாப்பாவுக்கு மட்டும் எழுதுங்கள்.

அவளுடைய அம்மா


ஜூன் 6

அன்புள்ள குண்டுவுக்கு,

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இந்தச் சொல்லை எழுதுகிறேன். இதற்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கோபம் வந்தால் அடித்துவிட்டுப் படி.

உன் பதிலைப் பத்து நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பாப்பா தட்டில் பாதி வைக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரிதான் என்னை விடவில்லை. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும்போது பலகையில் ஒட்டிவிட்டேன். உன் தாளுக்குக் கீழே நானும் எழுதினேன்: "இது உண்மை. மருந்து என்று சொன்னது நான். எனக்கு வெட்கமாக இருந்ததால் சொன்னேன்." கையெழுத்தும் போட்டேன்.

நீ நினைக்கிற மாதிரி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. யாரும் கத்தவில்லை. நல்ல காரியம் செய்தாய் என்றும் யாரும் சொல்லவில்லை. மத்தியானம் கேன்டீனில் நான் உட்கார்ந்த மேஜையில் ஒருவரும் வந்து உட்காரவில்லை. மேலாளர் என்னைப் பார்த்தும் பார்க்காதது போல் போனார். சாயங்காலம் அவருடைய மனைவி குடியிருப்புக்கே வந்துவிட்டார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"என்னை முட்டாளாக்கிட்டீங்க" என்றார். "அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு அழுதேன் தெரியுமா?"

"தெரியும்."

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க? அவங்களுக்கு அவமானம்னா?"

"இல்லைங்க. எனக்கு."

"நான் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு அவங்க சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இன்றுவரை என்னிடம் பேசவில்லை.

மறுநாளும் கேன்டீனில் தனியாகத்தான் உட்கார்ந்தேன். எங்கள் சரக்கறைப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட வயதில் பெரியவர், பெரிய உடம்பு. அவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் இறங்குவது போல் நடிப்பார்கள். நானும் ஒரு தரம் இறங்கியிருக்கிறேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். தட்டில் நிறைய சோறு. தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். பாதியில், "உங்க வீட்டுல என்னை மாதிரி ஆளுங்களுக்கும் நீச்சல் கத்துக் குடுப்பாங்களா?" என்று கேட்டார். கொடுப்பாள் என்றேன். "மூழ்க மாட்டேனே?" என்றார். மூழ்கவே மாட்டீர்கள், மிதப்பதுதான் உங்களுக்குச் சுலபம் என்று நீ எப்போதோ சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினார். அதற்கப்புறம் தினமும் அங்கேதான் உட்காருகிறார்.

அன்றைக்கு ராத்திரி நான் சோறு சாப்பிட்டேன். எவ்வளவு நாளாக எனக்குப் பசித்துக்கொண்டிருந்தது என்பது சாப்பிடும்போதுதான் தெரிந்தது.

எனக்கு இரண்டு வாரம் விடுமுறை இருக்கிறது. உன்னைக் கேட்காமல் வர மனசு வரவில்லை. பாப்பா என் முகத்தைப் பார்ப்பாளா? வரட்டுமா? இல்லை, நீங்கள் இங்கே வருகிறீர்களா? வீடு அப்படியேதான் இருக்கிறது.

உன்,
பாப்பாவின் அப்பா


ஜூன் 15

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

முதல் வரியை அடிக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் பாப்பாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்து, "அப்பா பேர் போட்டு ஒட்டினாரா, பேர் போடாமயா?" என்று கேட்டாள். பேர் போட்டுத்தான் என்றேன். "சரி, வரச் சொல்லு" என்றாள். உங்களுக்குக் கிடைத்திருப்பது இவ்வளவுதான். மிச்சத்தை நீங்கள் வந்துதான் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். அவள் தட்டைப் பார்க்காதீர்கள். நிறைய வைத்தாலும் கொஞ்சமாக வைத்தாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். உங்கள் தட்டில் உங்களுக்கு வேண்டியதைப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். நேற்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பெட்டி கட்டுகிறேன் என்று நான் எழுதியது மார்ச்சில். அது ஏப்ரலுக்கான பேச்சு. இப்போது நான் அங்கே வருவதாக இல்லை. இன்னும் மூன்று மாதத்துக்கு எனக்கு வகுப்பு இருக்கிறது, பெண்கள் நேரத்தை ஒரு மணி நேரம் கூட்டியிருக்கிறார்கள். அந்த ஊரில் ஒரு குளம் இருக்கிறதா, அங்கே ஆள் எடுப்பார்களா என்று விசாரித்து வையுங்கள். குடியிருப்பைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். இல்லையென்றால் புகைபோக்கியை நீங்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.

சரக்கறைக்காரரிடம் முதல் நாள் மூக்கில் தண்ணீர் போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் வாருங்கள். சனிக்கிழமை வந்து சேரும்படி பாருங்கள். வீட்டுக்குப் போக வேண்டாம், நேராகக் குளத்துக்கு வந்துவிடுங்கள். பெண்கள் நேரம் முடிகிற சமயத்தில் வாசலில் நிறையப் பேர் நிற்பார்கள், கூட்டிப்போக வந்த கணவன்மார், அண்ணன்மார், டிக்கெட் கொடுக்கிற பெண், எல்லோரும். அவர்களோடு நில்லுங்கள். நான் ஈரத் தலையோடு, தோளில் துண்டோடு, மூச்சு வாங்கிக்கொண்டு படியில் ஏறி வருவேன். போட்டோவில் இருப்பவளை எதிர்பார்த்து நிற்காதீர்கள், என்னைத் தவறவிட்டுவிடுவீர்கள். பக்கத்தில் நிற்பவர் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், கையை நீட்டி என்னைக் காட்டி, "அதோ, அவதான் என் பெண்டாட்டி" என்று சொல்லுங்கள்.

அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேற்கொண்டு ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம்.

குண்டு